தாம்பத்திய ஓரங்க நாடகம் போடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கணவன், மனைவி, நடுவில் ஒரு சந்தேகம். ஒரு அறை, இரண்டு நாற்காலி, நாற்பது நிமிடம். பார்த்தால் இதைவிடச் சுலபமான நாடகம் கிடையாது என்று தோன்றும். செட் வேண்டாம், கூட்டம் வேண்டாம், ராஜா ராணி உடை வேண்டாம். நானும் அப்படி நினைத்துத்தான் இறங்கினேன். சென்னையில், ஒரே மாலையில் இரண்டு ஓரங்க நாடகம், 65 பேர் உட்காரும் அறை, இரண்டு காட்சி. மேடையேறுவதற்குள் ஒரு அரங்கு கையை விட்டுப் போனது, ஒரு நடிகை விலகினார், ஒரு மூக்குக்கண்ணாடி உடைந்தது; எல்லாம் முடிந்தபோது டிக்கெட் வரவு போகக் கையிலிருந்து 67,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. இதில் பாதியாவது முன்கூட்டி இரண்டு பேரிடம் வாய்விட்டுப் பேசியிருந்தால் நடந்திருக்காது. அடுத்து இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. பிரதி யாருடையது என்று பாருங்கள்

கதை பிடித்துப்போனதும் ஒத்திகை ஆரம்பித்துவிடுவதுதான் முதல் தப்பு. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் வாரிசுகளிடம் இருக்கும். கு.ப.ரா. 1944-இல் மறைந்தவர்; 2004 முடிவோடு உரிமைக்காலம் தீர்ந்துவிட்டது. புதுமைப்பித்தன் 1948. இரண்டு பேரிடமும் கணவன் மனைவி மனசைத் தோண்டும் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன, தாராளமாக எடுத்து நாடகமாக்கலாம். தி. ஜானகிராமன் மறைந்தது 1982-இல். அவர் கதையில் கை வைப்பதானால் 2042 முடியும் வரை குடும்பத்தின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். ‘போன்ல கேட்டேன், சரின்னாங்க’ என்பது அனுமதிக் கணக்கில் சேராது. கதையின் பெயர், எத்தனை காட்சி, எந்த ஊர், எவ்வளவு தொகை, இந்த நான்கும் உள்ள ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள். அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்கள் என்றால் இந்தக் கவலை இல்லை.

வெளிநாட்டு நாடகம் என்றால் இன்னொரு பொறி இருக்கிறது, நான் மயிரிழையில் தப்பினேன். எங்கள் முதல் நாடகம் ஸ்வீடன் நாட்டு ஸ்டிரிண்ட்பெர்க்கின் ‘தி ஸ்ட்ராங்கர்’. 1889-இல் முதலில் மேடையேறியது. இரண்டு நடிகைகள், ஒரு காபி கடை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை. ஒருத்தி பேசிக்கொண்டே இருப்பாள். மற்றவள் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டாள். பேசுகிறவளுக்குத் தன் பேச்சினூடேயே, தன் கணவனுக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கும் இருந்த உறவு புரிந்துவிடும். ஸ்டிரிண்ட்பெர்க் 1912-இலேயே போய்விட்டார், அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் நமக்கு ஸ்வீடிஷ் தெரியாதே, ஆங்கில வழியாகத்தானே தமிழுக்குக் கொண்டுவருகிறோம்? அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு அவர் மொழிபெயர்ப்பில் தனி உரிமை உண்டு. என் கையில் முதலில் இருந்தது மைக்கேல் மேயரின் மொழிபெயர்ப்பு. அவர் இறந்தது 2000-இல், அதனால் உரிமை இன்னும் தீரவில்லை. நல்லவேளை, ‘மொழிபெயர்ப்பு யாருடையது?’ என்று ஒரு நண்பர் கேட்டார். பிறகு எட்வின் பியோர்க்மனின் பழைய மொழிபெயர்ப்பை எடுத்தோம். அவர் 1951-இல் மறைந்தவர், 2011 முடிவோடு உரிமை தீர்ந்தது. நடை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அது தமிழில் வரும்போது நாம் சரிசெய்யக்கூடியதுதான்.

‘டிக்கெட் போடலையே, இலவசக் காட்சிதானே’ என்று பலர் சொல்வார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் அமெச்சூர் குழு, பணம் கொடுக்காத பார்வையாளர் முன்னால் நடத்துவதற்கு விலக்கு இருக்கிறது. அது நடத்திக் காட்டுவதற்கான விலக்கு. மொழிபெயர்ப்பதும் கதையை நாடகமாக்குவதும் தனி உரிமைகள், அவற்றுக்கும் இது பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது நாடகத்தை நானே எழுதினேன். இரவு பத்தரைக்கு வீடு திரும்பும் கணவன், அவனுக்கு தோசை வார்க்கும் மனைவி, சட்டைப் பையில் ஒரு முழம் வாடின மல்லிகை. சொந்தப் பிரதி என்றால் உரிமைத் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு. சொந்தக்காரர்கள் எல்லாரும் ‘இது யாரைப் பத்தி எழுதினே?’ என்று கேட்பார்கள்.

2. தமிழ்நாட்டு மண்ணுக்கு மாற்றுவதா, அப்படியே விடுவதா

இதை ஒத்திகைக்கு முன்பே முடிவு செய்யுங்கள், நடுவில் மாற்றினால் நடிகர்கள் குழம்பிப்போவார்கள். மூல நாடகத்தில் மனைவி கணவனுக்காகக் காலணியில் டூலிப் பூ எம்பிராய்டரி போடுவாள், எதிரில் இருப்பவளுக்குப் பிடித்த பூ அது என்று பிற்பாடு உறைக்கும். முதல் வாசிப்பில் டூலிப் என்ற சொல் வந்ததும் எங்கள் ஆள் ஒருவர் ‘கொடைக்கானல்ல இருக்குமே, அதுவா?’ என்றார். காலணி தலையணை உறை ஆனது, டூலிப் தாழம்பூ ஆனது, காபி கடை எழும்பூர் ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை ஆனது. பெயர்களும் மாறின. அமைப்பை மட்டும் தொடவில்லை: ஒருத்தி பேசுகிறாள், ஒருத்தி பேசவில்லை. மாற்றும்போது பொருளையும் இடத்தையும் மாற்றுங்கள், பதற்றம் எந்த வரியில் திரும்புகிறதோ அந்த வரியை மாற்றாதீர்கள்.

3. தேதி, அரங்கு, அரங்கக் கடிதம்

மார்ச்சில் முடிவெடுத்து ஆடியில் போட்டோம். பன்னிரண்டு வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி பார்ப்பதில் எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபாக்களில் கச்சேரி சீசன், கதவே திறக்காது. அக்டோபர், நவம்பரில் மழை. ஒரு நாள் வேளச்சேரியில் தண்ணீர் நின்றால் பாதிப் பார்வையாளர் வர மாட்டார்கள். மார்ச்சில் பரீட்சை. வைகாசி, ஆவணி மாதிரி முகூர்த்த மாதங்களில் லைட் வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் கல்யாண ரிசப்ஷனில் இருப்பார்கள், இருமடங்கு சொல்வார்கள். பார்வையாளர்களும் அங்கேதான் இருப்பார்கள். தாம்பத்தியம் கசந்துபோவதைப் பற்றிய நாடகத்தை முகூர்த்த நாளில் போட்டு, ஆளில்லாமல் நின்ற குழு ஒன்றை எனக்குத் தெரியும். ஆடியில் கல்யாணம் இல்லை. லைட்டும் மலிவு, ஆளும் கிடைக்கும்.

அரங்கைப் பொறுத்தவரை சிறியதைத் தேடுங்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896-இல் கட்டியது, நாடகத்துக்கென்றே கட்டின அரைவட்ட அரங்கம், அதில் நடிப்பது எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்ப்பது கடைசி வரிசைக்குத் தெரியாது. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், பெசன்ட் நகர் ஸ்பேசஸ், சபாக்களின் மினி ஹால்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். நடு மேடையில் ஒருவரை நிற்கவைத்து, மைக் இல்லாமல் ‘நீ எங்க போயிருந்தே?’ என்று தணிந்த குரலில் கேட்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசி நாற்காலியில் உட்காருங்கள். ஏசி சத்தத்தில் அது கேட்கவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

முதலில் நான் பதிவு செய்த அரங்கில் ‘குடும்ப நாடகம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். சபாக்காரர்களுக்குக் குடும்ப நாடகம் என்றால் மாமியார், மருமகள், நடுவில் ஒரு சமையல்காரர். நாடகத்துக்குப் பதினாறு நாள் முன்பு போஸ்டரைப் பார்த்துவிட்டு நிர்வாகி கூப்பிட்டார். ‘இது எங்க மெம்பர்ஸுக்குச் சரிவராது சார்.’ முன்பணம் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, மறைத்தது நான்தான். இரண்டாவது அரங்குக்குக் கொடுத்த கடிதத்தில் இதெல்லாம் எழுதினேன்:

– கதைச் சுருக்கம், பத்து வரி.
– கணவன் மனைவி தொடும் காட்சிகள் உண்டு, எத்தனை என்ற எண்ணிக்கையோடு.
– கன்னத்தில் ஒரு அறை விழும். தீ, புகை, மது எதுவும் கிடையாது. மேடையில் மின்சார அடுப்பு உண்டு.
– போஸ்டரின் நகல்.
– சுவரொட்டியிலும் டிக்கெட்டிலும் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று போடுவோம்.

இதன் நகலில் ‘படித்தேன், சம்மதம்’ என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். ரத்து செய்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

4. நடிகர் தேர்வு

அறிவிப்பிலேயே உடைத்துச் சொல்லிவிடுங்கள். ‘மூன்று பெண், ஒரு ஆண் பாத்திரம். கணவன் மனைவி நெருக்கக் காட்சிகள் உண்டு. முழுப் பிரதியும் படித்த பிறகே ஆடிஷன்.’ விண்ணப்பம் குறையும், குறையட்டும். நாங்கள் இப்படிப் போடவில்லை. ஐந்து வாரம் ஒத்திகை பார்த்த பிறகு ஒரு நடிகைக்கு நிச்சயதார்த்தம் ஆனது. மாப்பிள்ளை வீட்டில் பிரதியைக் கேட்டார்கள், அவர் விலகிவிட்டார். அவர் செய்தது சரிதான். ஆரம்பத்திலேயே நாங்கள் தெளிவாகச் சொல்லியிருந்தால் அவரே வேண்டாம் என்றிருப்பார், ஐந்து வாரம் வீணாகியிருக்காது.

புதிதாக வந்த நடிகையின் அம்மா, மகளோடு ஒத்திகைக்கு வந்தார். எனக்கு உள்ளுக்குள் உதறல். மூலையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிரதியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். காபி ஆறிப்போனது. மூடி வைத்துவிட்டு, “இதைவிட மோசமால்லாம் சீரியல்ல வருதே தம்பி. ஒண்ணு மட்டும் கேக்கறேன், ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவீங்க?” என்றார். அதன் பிறகு எந்த வீட்டிலும் பேசுவதற்கு நான் தயங்கவில்லை. வீட்டார் நாம் நினைக்கிற கேள்வியைக் கேட்பதில்லை.

நிஜக் கணவன் மனைவியைக் கணவன் மனைவியாகப் போடாதீர்கள். ‘கெமிஸ்ட்ரி தானா வந்துடும்’ என்பார்கள். காலையில் கேஸ் சிலிண்டர் பற்றி நடந்த சண்டையும் கூடவே மேடைக்கு வந்துவிடும்.

‘தி ஸ்ட்ராங்கர்’ மாதிரி நாடகத்தில் பேசாத பாத்திரத்துக்குக் கெட்டிக்கார நடிகையைக் கொடுங்கள். புதியவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள், வசனம் இல்லாததால் கற்றுக்குட்டிக்குக் கொடுத்துவிடலாம் என்று. பதினெட்டு நிமிடம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது லேசுப்பட்ட வேலையா? பேசுகிறவளின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இவள் மனசுக்குள் என்ன பதில் சொல்கிறாள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். நாற்பது பக்கம் எழுதினார். மேடையில் அவர் டம்ளரை எந்த வரியில் கீழே வைக்கிறார் என்பதே ஒரு பதிலாக இருந்தது.

5. தொடுதல் பட்டியல்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பிரதியில் ‘நெருங்குகிறான்’, ‘அணைக்கிறான்’ என்று இருக்கும் இடங்களை எல்லாம் எடுத்துத் தனித்தாளில் எழுதுங்கள். எங்கள் தாளிலிருந்து ஒரு பகுதி:

பக்கம் 6: கணவன் அவள் பின்னலிலிருந்து பூவை எடுக்கிறான். விரல் கழுத்தில் படக் கூடாது.
பக்கம் 9: கணவன் வலது கையை அவள் இடது தோளில் வைக்கிறான். நான்கு வினாடி. அவள் தோளைத் தாழ்த்தி விலக்குகிறாள்.
பக்கம் 11: அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து முகர்கிறாள். முகம் காலரில் படலாம், கழுத்தில் படாது. மூன்று வினாடி. அவன் கை இரண்டும் கீழே.

இப்படி ஒன்பது இடம். ஒவ்வொன்றிலும் எங்கே, எவ்வளவு நேரம், யார் தொடங்குவது, எப்படி முடிவது என்று இருக்கும். இரண்டு நடிகர்களும் இயக்குநரும் கையெழுத்துப் போட்டோம். வெட்கமாக இருக்கும், ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை. கை எங்கே போகும் என்ற கவலை போய்விட்டதால் நடிகைக்கு நடிப்பில் மட்டும் மனசு நின்றது. பக்கம் 11-இல் அந்த மூன்று வினாடியில் அறையில் ஒருவரும் அசையவில்லை. கணக்குப் போட்டு வைத்த மூன்று வினாடி அது.

கூடவே சில கட்டுப்பாடுகள். இந்தக் காட்சிகளின் ஒத்திகையில் மூன்றாவது ஆள் ஒருவர், முடிந்தால் பெண், எப்போதும் இருக்க வேண்டும். ‘போதும்’ என்று யார் சொன்னாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. போனில் படம் பிடிக்கக் கூடாது. காட்சி நாளில் பட்டியலில் இல்லாத எதையும் ‘அந்த மூட்ல வந்துடுச்சு’ என்று செய்யக் கூடாது. செய்தால் மறுநாள் காட்சியில் அவர் இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புகார் வந்தால் எங்கே போவது என்பதையும் சொல்லி வையுங்கள். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். நம்மைப் போல ஏழெட்டுப் பேர் உள்ள இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. ‘நாங்க எல்லாம் ஃபேமிலி மாதிரி’ என்று சொல்லிக்கொள்ளும் குழுக்களில்தான் இது அதிகம் தேவைப்படும் என்பது என் அபிப்பிராயம்.

6. ஒத்திகை

எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு ஞாயிறு. மொத்தம் 24 ஒத்திகை. மாலை ஏழுக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குச் சரியாக முடித்துவிடுங்கள், பெண்களுக்கு வண்டி ஏற்பாடு உங்கள் செலவு. முதல் மூன்று உட்கார்ந்து வாசிப்பது மட்டும். நான்காவதிலிருந்து பிளாக்கிங், அதாவது யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று அமைப்பது. பாதி ஒத்திகை தாண்டிய பிறகு பிரதி கையில் இருக்கக் கூடாது.

மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தால் பணம் மிச்சம் என்று நினைத்தோம். மனைவி ‘அவ யாரு? சொல்லு!’ என்று கத்துகிற இடத்தில் எதிர் ஃப்ளாட் மாமா வாட்ச்மேனை அனுப்பிவிட்டார். அடுக்குமாடி என்றால் சங்கத்திடம் முன்கூட்டிச் சொல்லுங்கள், அல்லது 300 ரூபாய்க்கு ஒரு டியூஷன் ஹாலைப் பிடியுங்கள்.

7. அந்த ஒரு அறை

கன்னத்தில் அறைவதை நிஜமாகச் செய்யாதீர்கள், லேசாகக்கூட. எங்கள் நாடகத்தில் மனைவி கணவனை அறைவாள். ஆறாவது ஒத்திகையில் ‘சும்மா மெதுவா போடு’ என்றேன். கணவனாக நடித்தவரின் மூக்குக்கண்ணாடி பறந்து சுவரில் பட்டது, நகம் காதோரம் கீறியது. கண்ணாடிக்கு 4,200 ரூபாய் நான் கொடுத்தேன்.

பிறகு கற்றுக்கொண்ட முறை: இருவரும் ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நிற்க வேண்டும். அறைகிறவர் முதுகு பார்வையாளர் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். முதலில் இருவரும் கண்ணோடு கண் பார்க்க வேண்டும். அதுதான் ‘தயார்’ என்பதற்கு அடையாளம். கை முகத்துக்கு முன்னால் காற்றில் போகும். அறை வாங்குகிறவர் அதே நொடியில் தன் மார்பருகே, பார்வையாளருக்குத் தெரியாமல், கையைத் தட்டிச் சத்தம் எழுப்பித் தலையைத் திருப்புவார். மோதிரம், வளையல், கண்ணாடி எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஐந்து தடவை மெதுவாகவும் இரண்டு தடவை முழு வேகத்திலும் செய்து பாருங்கள்.

8. பொருள், விளக்கு, தோசை

மேடையில் நிஜ தோசை வார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கல்லில் மாவு விழும் அந்த ‘ஸ்ஸ்’ சத்தம், கணவன் பொய் சொல்லும் இடத்தில் சரியாக வர வேண்டும். வந்தது. முதல் காட்சியில், ஆறாவது நிமிடத்தில், அறையே இருண்டது.

கணக்கு இதுதான். பார் கேன் என்கிற ஹாலஜன் மேடை விளக்கு ஒன்று 1000 வாட். அதில் நான்கு, கூடவே 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, எல்லாம் ஒரே லைனில். மொத்தம் 6000 வாட். 230 வோல்ட்டில் சுமார் 26 ஆம்பியர். அந்த லைனின் எம்.சி.பி., அதாவது சுமை கூடினால் தானே விழும் சுவிட்ச், 16 ஆம்பியர். உடனே விழாது, சில நிமிடம் தாங்கிவிட்டு விழும். அதனால்தான் மதியம் இரண்டு நிமிடம் சோதித்தபோது ஒன்றும் ஆகவில்லை. அரங்கின் எலக்ட்ரீஷியனிடம் எந்த பிளக் எந்த லைன் என்று கேட்டு, தாளில் வரைந்துகொள்ளுங்கள். அடுப்புக்குத் தனி லைன். சோதனை என்றால் முழு நாடக நேரத்துக்கும் ஓடவிட வேண்டும். இன்னொன்று, நெய் தோசை வார்க்காதீர்கள். வாசனையில் பார்வையாளர்கள் கணவன்மேல் இருந்த கோபத்தையே மறந்துவிட்டார்கள்.

விளக்கு க்யூவை, அதாவது விளக்கு எப்போது மாற வேண்டும் என்ற குறிப்பை, நிமிடக் கணக்கில் எழுதாதீர்கள், வசனத்தை வைத்து எழுதுங்கள். இரண்டாவது நாள் ‘தி ஸ்ட்ராங்கர்’ நடிகை பதற்றத்தில் இரண்டு பக்கம் தாண்டிவிட்டார். எதிரில் இருப்பவள் பேசாத பாத்திரம், எடுத்துக் கொடுக்கவும் முடியாது. பதினெட்டு நிமிட நாடகம் பதின்மூன்றில் முடிந்தது, விளக்குக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட நாடகத்துக்குப் பக்கத் திரைக்குப் பின்னால் பிரதியோடு ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும்.

9. போலீஸ், பாட்டு, டிக்கெட்

நாடகப் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து முன் அனுமதி வாங்க வேண்டும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துவார்கள். 1954-ஆம் ஆண்டு மாநில நாடகச் சட்டத்தின் அந்தப் பிரிவுகளை, நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி போட்ட வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. 1876-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 2018-இல் விலக்கப்பட்டது. ஆனாலும் சில அரங்குகள், உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம் கொடுத்த ஒப்புதல் கேட்கும். தேதி, நேரம், இடம், எத்தனை பேர், பொறுப்பாளர் போன் எண் எழுதி, பத்து நாள் முன்னால் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். பிரதியை நீங்களாகப் போய் நீட்டாதீர்கள்.

பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டும் என்றால் பாடலுக்கு ஒரு உரிமம், ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமம். இரண்டும் வெவ்வேறு அமைப்பு: ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். ‘பழைய பாட்டுதானே’ என்பது பலிக்காது. ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு முடிந்திருந்தாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அவரவர் ஆயுள் முடிந்து 60 ஆண்டு ஓட வேண்டும். நாங்கள் பாட்டையே எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு குக்கர் விசிலைப் பதிவு செய்து போட்டோம். பாட்டைவிட அதுவே பொருத்தமாக இருந்தது.

டிக்கெட் 500 ரூபாய் வரை இருந்தால் நாடக அனுமதிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அரங்க வாடகைக்கு 18 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டிவரும். வாடகை பேசும்போது ‘வரியோடயா, வரி தனியா?’ என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

10. கணக்கு

எங்களுக்கு ஆனது, ரூபாயில்:

அரங்கு, இரண்டு நாளும் விளக்கு, செட் சரிபார்க்கும் ஒரு டெக்னிகல் நாளும், வரியோடு – 28,320
விளக்கு, ஆள் – 14,000
ஒத்திகை இடம் – 7,200
போக்குவரத்து – 11,400
காபி, டிபன் – 6,800
பொருட்கள், உடை, உடைந்த கண்ணாடி – 9,500
போஸ்டர், அச்சு – 3,200
நான்கு நடிகர்களுக்கு ஆளுக்கு 4,000 – 16,000

மொத்தம் 96,420. டிக்கெட் 300. இரண்டு நாளில் 104 விற்றது, ஆன்லைன் கமிஷன் போகக் கைக்கு வந்தது 28,900. 130 இருக்கையும் விற்றிருந்தாலும் 39,000-தான் வந்திருக்கும். இந்த அளவு அரங்கில் டிக்கெட்டால் செலவைப் பிடிக்க முடியாது. தொலைந்தாலும் வீட்டில் சண்டை வராத தொகையை மட்டும் போடுங்கள். நடிகர் சன்மானத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். தொகை சிறிதாக இருக்கலாம். காட்சி முடிந்த இரவே கையில் இருக்க வேண்டும்.

11. நாடக நாள்

கடைசி வரிசையில் யாராவது முதல் சிரிப்பைச் சிரிப்பார்கள். நம் ஊரில் மேடையில் மனைவி கணவனை முறைத்தாலே சிரிக்கப் பழகியிருக்கிறோம். நடிகர்கள் அந்தச் சிரிப்புக்கு நின்றால் தீர்ந்தது, நாடகம் நகைச்சுவை ஆகிவிடும். ‘சிரித்தால் நிற்காதே, குரலை இன்னும் தணி’ என்று பழக்கி வையுங்கள். முதல் மூன்று நிமிடத்தில் வசனம் குறைவாக வைத்தது எங்களுக்கு உதவியது: தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், சட்டையை மாட்டப் போகிறாள், கை பையில் நிற்கிறது. அதற்குள் சிரிப்பு அடங்கிவிடும்.

‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தும் ஒரு குடும்பம் ஏழு வயதுப் பையனோடு வந்தது. வாசலில் நிற்கிற தன்னார்வலருக்கு இதில் அதிகாரம் இருக்க வேண்டும்; உள்ளே வந்து உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினோம், முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

காட்சி முடிந்ததும் நடிகர்களின் கணவர், மனைவி, அம்மா எல்லாரும் நடிகர்களின் ஒப்பனை அறைக்கு ஓடி வருவார்கள். பத்து நிமிடம் கதவைச் சாத்தி வையுங்கள். பாத்திரத்திலிருந்து இறங்கி, முகம் கழுவி, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். எங்கள் கணவன் நடிகரின் நிஜ மனைவி வந்திருந்தார். வெளியே காத்திருந்தவர், கதவு திறந்ததும் முதலில் போனது நடிகையிடம்தான். “காலரை முகர்ந்தீங்களே, அது நான் தோய்ச்ச சட்டை. சொட்டு நீலம் ஜாஸ்தியாயிடுச்சு, பரவாயில்லையா?” என்றார்.

அரங்கை அன்றிரவே துடைத்து ஒப்படையுங்கள். தரையில் நாற்காலி இடத்துக்கு ஒட்டும் குறிகளுக்குக் காகித மாஸ்கிங் டேப் போதும். பிரவுன் டேப் ஒட்டினால் பசை போகாது. எங்கள் வைப்புத் தொகையில் அதற்கு 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.